நீலமா, சிவப்பா, டீச்சர்ஜி?

டெல்லிக்கு வந்த புதிதில் ஊருக்கு எழுதிய கடிதங்களில் எல்லாவற்றையும் எழுதித் தள்ளினேன். பல்லைக் கிட்டவைக்கும் ஜனவரிக் குளிர், ஜூன் மாதத்து அனல் காற்று, மதியம் சோறு சாப்பிடுவதைப் பார்த்தால் "உடம்பு சரியில்லையா?" என்று கரிசனமாக விசாரிக்கும் பஞ்சாபிகள், எதையும் விடவில்லை. ஒன்றை மட்டும் எழுதவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு எதிர்வீட்டுக் கதவை இரண்டு முறை தட்டி, என் மருந்தை அங்கிருந்து வாங்கிவந்துதான் உயிரோடு நடமாடுகிறேன் என்பதை எழுதவில்லை.

மோதி பாக் அரசுக் குடியிருப்பில் எங்களுக்கு மாடி வீடு. படியேறினால் இடப்பக்கம் நாங்கள், வலப்பக்கம் கமலேஷ் குடும்பம். கமலேஷ் என்பது அந்த வீட்டு மனிதரின் பெயர் என்று நினைத்து, ஒரு வாரம் அவரை "கமலேஷ்ஜி, நமஸ்தே" என்று வணங்கிக்கொண்டிருந்தேன். அவரும் பாவம், பதிலுக்கு வணங்கினார். பிறகுதான் தெரிந்தது, கமலேஷ் அவர் மனைவி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், படிக்கட்டையே அதிரவைக்கும் குரல்காரி. அந்தப் படிக்கட்டில் ஃப்ரிஜ் வைத்திருந்த ஒரே குடும்பம் அவளுடையது. அண்ணன் வாங்கிக் கொடுத்ததாம். முட்டை வைப்பதற்கென்று அதன் கதவில் குழிகள் இருந்தன. ஒரு குழியில் முட்டைகளுக்கு நடுவே என் இன்சுலின் குப்பி உட்கார்ந்திருக்கும்.

இப்போது பெரிய டாக்டர்களிடம் வெளிநாட்டிலிருந்து வந்த சின்னப் பெட்டி ஒன்று இருக்கிறதாம், ஒரு சொட்டு ரத்தத்தில் எண்ணே வந்துவிடுமாம். நான் சொல்வது எழுபதுகளின் பிற்பகுதி. எங்களுக்கு இருந்ததெல்லாம் ஒரு சோதனைக்குழாய், ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு பாட்டில் பெனடிக்ட் கரைசல். நீல நிறத்து அந்தக் கரைசலில் எட்டுச் சொட்டு சிறுநீரை விட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் அதிகம், செங்கல் சிவப்பு என்றால் ஆபத்து. நான் தமிழ்ப் பள்ளியில் அறிவியல் டீச்சர். அதனால் நீலத்துக்கு நூற்றுக்கு நூறு, பச்சைக்கு அறுபது, சிவப்புக்கு முட்டை என்று எனக்கு நானே மார்க் போட்டுக்கொள்வேன். அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நிற்கும் இரண்டு நிமிடத்துக்கு முன்னால் எந்தப் பரீட்சை ரிசல்ட்டும் நிற்க முடியாது.

இந்தச் சோதனையை ஜன்னல் வழியாக ஒருநாள் கமலேஷ் பார்த்துவிட்டாள். அடுப்பங்கரையில் சிரிஞ்ச் ஒரு பாத்திரத்தில் கொதிக்கிறது, பக்கத்தில் நீலத் தண்ணீர் கொதிக்கிறது. நேராக உள்ளே வந்தாள். அவள் பேச்சை என் தமிழிலேயே தருகிறேன், கைவீச்சை மட்டும் நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"அரே டீச்சர்ஜி, துணிக்கு நீலம் காய்ச்சுறியா? அச்சா, எனக்கும் கொஞ்சம் ஊத்து. இவரு குர்த்தா மஞ்சளடிச்சுக் கிடக்கு."

எனக்கு அப்போது ஹிந்தி அரைகுறை. "வேண்டாம், வேண்டாம், இது அழுக்கு" என்றேன். "அழுக்கு இல்ல, நல்ல நீலமாத்தான் இருக்கு" என்று கிண்ணத்தை நீட்டினாள். கடைசியில் கழிவறைக் கதவைக் காட்டி, குழாயைக் காட்டி, வயிற்றைக் காட்டி விளக்க வேண்டியதாயிற்று. அவள் கிண்ணத்தைப் பின்னுக்கு இழுத்த வேகத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு அடங்காது. அன்றே என் மருந்துக் குப்பியைத் தன் ஃப்ரிஜ்ஜுக்குக் கொண்டுபோனாள். மாலைக்குள் என் வியாதி அந்தப் படிக்கட்டின் எட்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. பால் டிப்போ வரிசையில் நின்றவர்கள்கூட "சீனி வியாதியாமே?" என்று விசாரித்தார்கள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

ஏன் சுட்டது என்று சொல்ல வேண்டும். எனக்குச் சர்க்கரை வியாதி என்பது கல்யாணமான வருடமே தெரிந்துவிட்டது. கோவில்பட்டியில் அது வெளியே சொல்லக்கூடிய சங்கதி இல்லை. இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு ஊசியா, தங்கச்சிக்கு மாப்பிள்ளை எப்படி வருவான் என்று அம்மா கதவைச் சாத்திவிட்டுத்தான் எனக்கு ஊசி போடவிடுவாள். குப்பி மண்பானைக்குள் கயிற்றில் தொங்கும், அதன்மேல் ஒரு முறத்தைச் சாய்த்து மறைத்து வைத்திருப்பாள். தலைப்பிரசவத்துக்கு நான் அங்கேதான் போனேன். வளைகாப்பு அன்று சர்க்கரைப் பொங்கல், அதிரசம், பாகில் ஊறிய தேன்குழல் என்று ஆளுக்கு ஒரு வாய் ஊட்டினார்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் தின்றேன். வந்த விருந்தாளிகள் மூன்று நாள் தங்கினார்கள். அந்த மூன்று நாளும் ஊசி போட்டுக்கொள்ள ஒரு தனியறை கிடைக்கவில்லை. எட்டாம் மாதம் முடியும்போது குழந்தை அசைவதை நிறுத்திவிட்டது. ஆண் குழந்தை. அம்மாவை நான் குற்றம் சொல்லவில்லை. அவளும் என்னோடு சேர்ந்துதான் அழுதாள்.

ஆகவே இரண்டாம் முறை உண்டானபோது, ஊருக்குப் போவதில்லை, டெல்லியிலேயே பெற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தேன். அம்மா கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டாள். என் வீட்டுக்காரர், நல்ல மனிதர், ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டுபவர், "ஒம் மனசுக்கு எது சரின்னு படுதோ அதச் செய் வடிவு" என்றார். ஆஸ்பத்திரியில் வங்காளத்து டாக்டரம்மா ஒருவர் எனக்குக் கிடைத்தார். அவர் நறுக்கென்று சொல்லிவிட்டார். "நீலத்தை விடாதே. பச்சை வந்தால் பரவாயில்லை. சிவப்பு வந்து ஒரு வாரம் நின்றால் எட்டாம் மாதம் மறுபடியும் ஆபத்துதான்." அன்றிலிருந்து என் முழு உலகமும் அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் இருந்தது.

கமலேஷ் இதைத் தன் வேலையாகவே எடுத்துக்கொண்டாள். காலையில் கதவைத் தட்டினால், திறக்கும்போதே கேள்வி: "நீலமா, சிவப்பா, டீச்சர்ஜி?" நீலம் என்றால் குப்பியைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு பாங்க்ரா ஆட்டம். பச்சை என்றால் "கவலப்படாதே, சாயங்காலம் சரியாயிடும்." ஜூன் மாதம் ஒருமுறை ஒரு பகல் முழுக்க மின்சாரம் இல்லை. அவள் ரிக்ஷாவில் போய் ஒரு பாளம் ஐஸ்கட்டியைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்து, குப்பியைத் தெர்மாஸ் குடுவைக்குள் போட்டு, அந்தக் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊரில் முறத்தால் மறைத்த பொருளை இங்கே ஒருத்தி மடியில் வைத்து விசிறிக்கொண்டிருக்கிறாள்! எனக்கு அழுகை வந்தது. கூடவே ஒரு குதூகலமும் வந்தது. மறைக்க வேண்டாம் என்றால் ஒரு மனுஷிக்கு எவ்வளவு தெம்பு வருகிறது!

ஐந்தாம் மாதத்தில் இன்னொன்று நடந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது படிக்கட்டில் கை வெடவெடவென்று நடுங்க, வேர்த்துக் கொட்டி, உட்கார்ந்துவிட்டேன். ஊசி போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டதால் வந்த வினை. "சீனி, சீனி" என்று முனகினேன். கமலேஷ் ஓடிவந்து ஒரு பிடிச் சர்க்கரையை என் வாயில் திணித்தாள். பத்து நிமிடத்தில் நான் எழுந்து உட்கார்ந்ததும் இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்.

"சீனி விஷம்ங்கறே. இப்ப சீனிதான் மருந்துங்கறே. ரெண்டுல எது நெஜம்?"

"ரெண்டும்தான். ரத்தத்துல கூடினா விஷம், கொறஞ்சா இந்த மாதிரி நடுக்கம்."

"நடுங்கினா சீனி" என்று தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எட்டாம் வகுப்பில் இவ்வளவு கவனமான மாணவி எனக்குக் கிடைத்ததில்லை.

அக்டோபர் பிறந்தது, ஆறு மாதம் முடிந்தது. ஒருநாள் காலை குழாயில் மஞ்சள். மறுநாள் ஆரஞ்சு. மூன்றாம் நாள் செங்கல் சிவப்பு! கரைசல் பழசாகிவிட்டதோ என்று வெறும் தண்ணீரை விட்டுக் கொதிக்கவைத்தேன், நீலம். அதிலும் திருப்தி இல்லாமல், என் வீட்டுக்காரரிடம் ஒரு காலிக் குப்பியை நீட்டினேன்.

"எனக்கு எதுக்கு வடிவு?"

"ஒப்பிட்டுப் பாக்கணும். அறிவியல்னா அப்பிடித்தான்."

காபிக்கு மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் குடிக்கும் அந்த மனிதருக்கு வானம் மாதிரி நீலம் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. அவர் என்ன தப்பு செய்தார் என்று அவருக்கும் தெரியவில்லை.

டாக்டரம்மா ஊசி அளவைக் கூட்டினார். என்ன சாப்பிடுகிறாய் என்று துருவினார். "சீனி?" இல்லை. "சாதம்?" மதியம் ஒரே ஒரு கரண்டி. "காலையிலும் ராத்திரியும்?" இட்லி. "எண்ணெய் உண்டா?" ஆவியில் வேகவைத்தது. "வெரி குட்" என்று எழுதிக்கொண்டார். அப்படியும் சிவப்பு இறங்கவில்லை. இன்னும் பத்து நாள் பார்ப்போம், இறங்கவில்லையென்றால் பிரசவம்வரை வார்டில்தான் என்றார். எனக்கு, முதல் குழந்தையை இழந்த கோவில்பட்டி ஆஸ்பத்திரியின் பச்சைச் சுவர் கண்முன்னால் வந்து நின்றது.

சிவப்பு எங்கிருந்து வருகிறது? திருடனைத் தேடுவதுபோல் வீட்டைச் சல்லடை போட்டேன். அப்போதுதான் அந்த டப்பா கண்ணில் பட்டது. கமலேஷ் தசராவிலிருந்து எனக்கென்று செய்து தரும் வெந்தய லட்டு. வெந்தயம் சர்க்கரைக்கு நல்லது என்று அவள் மாமியார் சொல்லியிருக்கிறாளாம். கசப்பாக இருக்கும், நடுநடுவே ஒரு இனிப்பும் தட்டும். நெய்யின் ருசி என்று நினைத்து மருந்துபோல் தினமும் இரண்டு விழுங்கிக்கொண்டிருந்தேன். டப்பாவோடு எதிர்வீட்டுக்குப் போனேன்.

"இதுல சீனி போட்டியா?"

"கஸம் சே, சத்தியமா ஒரு பொட்டு கெடையாது."

"அப்புறம் எப்படி உருண்டையா நிக்குது?"

"வெல்லம் போட்டுத்தான். அது சீனி இல்லையே டீச்சர்ஜி, கரும்புச் சாறுதானே. உடம்புக்குச் சூடு."

அவள் அன்பை அறிந்தவள் நான், ஐஸ்கட்டியைச் சுமந்து வந்ததைப் பார்த்தவள். ஆனாலும் அந்த நிமிடம் அதெல்லாம் ஞாபகத்துக்கு வரவில்லை. வளைகாப்பு அன்று என் வாயில் இனிப்பைத் திணித்த அத்தனை கைகளும் அவள் கையாகத் தெரிந்தன. "எம்புள்ளையக் கொல்லப் பாத்தியா?" என்று கத்திவிட்டேன். கொஞ்சம் ஹிந்தியில், மீதியைத் தமிழில். தமிழ் அவளுக்குப் புரியாது, ஆனால் புரிந்துவிட்டது. கமலேஷ் டப்பாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

என்னைப் போல் ஊர்விட்டு வந்தவர்களுக்கு இந்தத் தவிப்பு புரியும். ஊரில் ஒருத்தியோடு சண்டை என்றால் பேசாமல் இருக்க இன்னொரு தெரு உண்டு, சொந்தம் உண்டு. இங்கே மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் அதே கதவைத்தான் தட்ட வேண்டும். என் மருந்து அவள் வீட்டில்! தட்டினேன். திறந்தாள். கேள்வி கேட்கவில்லை. ஒரு துணியில் வைத்துக் குப்பியை நீட்டினாள், ஊசி போட்டுவிட்டுத் திரும்பக் கொண்டுபோனதும் வாங்கிக்கொண்டாள். மூன்று நாள் இப்படி. அந்த "நீலமா, சிவப்பா" இல்லாத காலை எனக்கு விடியவே இல்லை.

இதில் கொடுமை என்னவென்றால், லட்டை நிறுத்தி மூன்று நாளாகியும் சிவப்பு ஆரஞ்சுக்கு இறங்கியதே தவிர, அதற்குமேல் அசையவில்லை.

நாலாம் நாள் சனிக்கிழமை, எனக்குப் பள்ளி இல்லை. குப்பியைத் திருப்பிக் கொடுக்கக்கூடத் தோன்றாமல் அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கமலேஷ் தானாகவே வந்தாள், குப்பியை வாங்க. நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்ததும் அவள் வைராக்கியம் உடைந்துபோயிற்று. "என்ன நெறம்?" என்றாள். "ஆரஞ்சு" என்றேன். "நான்தான் லட்டை நிறுத்திட்டேனே!" என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். அவள் கண் அடுப்படியில் அரிசி ஊறிக்கொண்டிருந்த பெரிய பாத்திரத்தில் போய் நின்றது.

"இவ்வளவு சாவலா? யாருக்குச் சோறு?"

"சோறு இல்ல. இட்லிக்கு."

"இட்லின்னா நீ தினம் காலைலயும் ராத்திரியும் திங்கறியே, வெள்ளையா, மெத்து மெத்துன்னு?"

"ஆமா."

அவள் பாத்திரத்துக்குள் கையைவிட்டு அரிசியை ஒரு பிடி அள்ளினாள். பக்கத்தில் இருந்த உளுந்துக் கிண்ணத்தைப் பார்த்தாள். மறுபடி அரிசியைப் பார்த்தாள். "நாலு பங்கு சாவல், ஒரு பங்கு பருப்பு. ஒரு தடவைக்கு எத்தனை?"

"ஆறு" என்றேன். "பசிச்சா ஏழு. வயித்துல புள்ள இருக்கே."

"டீச்சர்ஜி" என்றாள், மிக மெதுவாக. "இது சாவல்தானே?"

ஐயா, நான் எட்டாம் வகுப்புக்கு மாவுச்சத்துப் பாடம் நடத்துகிறவள். உருளைக்கிழங்கிலும் சோற்றிலும் அயோடினைச் சொட்டவிட்டு, "பார்த்தீர்களா, கருநீலம்" என்று வருடா வருடம் காட்டுகிறவள். ஆனால் இட்லியை நான் அரிசி என்று ஒருநாளும் நினைத்ததில்லை. நம் வீடுகளில் சாதம் என்றால்தான் அரிசி. இட்லி, தோசை, இடியாப்பம் எல்லாம் பலகாரம். "சர்க்கரை இருக்கு, ராத்திரி சோறு கிடையாது, டிபன்தான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு எட்டு இட்லி சாப்பிடும் மாமாக்கள் எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர். சத்தியமாகச் சொல்கிறேன், அது ஏமாற்று இல்லை, அப்படித்தான் நம்பினோம். குளிர் தொடங்கிய பிறகு மாவு புளிக்கவில்லை என்று பாத்திரத்துக்குப் பஞ்சு ரஜாய் போர்த்தித் தூங்கவைத்து, தேவைக்கு மேலேயே செய்து, மிஞ்சக்கூடாதென்று நானே தின்று தீர்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து போய் முதலுதவிப் பெட்டியிலிருந்து டிஞ்சர் அயோடினை எடுத்துவந்தேன். காலையில் மிஞ்சிய இட்லி ஒன்றின்மேல் ஒரு சொட்டு விட்டேன். அந்த வெள்ளை இட்லி எங்கள் கண்ணெதிரே கருநீலமாக மாறியது. ஒரு மாதமாக நான் தவம் கிடந்த நீலம் இட்லியில் வந்து நிற்கிறது! கமலேஷ் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். முதலில் சிரித்தது யார் என்று இன்றுவரை எங்களுக்குள் தீரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரிப்பின் நடுவில் நான் அவள் கையைப் பிடித்து, "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். "சொன்னே. வெல்லம் போட்டது நெஜம்தானே" என்றாள். "ஜல்தி எந்திரி. ரொட்டி போடக் கத்துத்தரேன்."

கோதுமையிலும் மாவுச்சத்து உண்டு என்று டீச்சர் புத்தி உடனே எட்டிப்பார்த்தது. அதனால் இந்த முறை எதையும் ஊகத்துக்கு விடவில்லை. ஒரு முழு நாள் நான் தின்பதையெல்லாம் அளவோடு எழுதி, இட்லியில் என்ன இருக்கிறது, எத்தனை தின்றேன் என்பதையும் மறைக்காமல் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். வேளைக்கு இரண்டு ரொட்டி, பருப்பு, கீரை, தயிர் என்று அளந்து எழுதிக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டே இரண்டு இட்லிக்கு அனுமதி. என் ரொட்டி முதல் வாரம் இலங்கை வரைபடம்போல் வந்தது. கமலேஷ் அதைத் தன் வீட்டுக்காரருக்கும் காட்டினாள்.

ஏழாவது நாள் காலை. குழாய் கொதிக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். முகம் முழுக்கச் சவர நுரையோடு என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்று, "வடிவு, கண்ணத் தொற" என்றார். நீலம்! கலப்படமில்லாத, சுத்தமான நீலம்! ஏழு மாத வயிற்றோடு குழாயைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். தட்டுவதற்கு முன்பே கதவு திறந்துவிட்டது. கமலேஷ் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஓயே, நீலம்!" என்று போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர்கள் படியேறி வந்துவிட்டார்கள். அங்கெல்லாம் நல்ல சேதி என்றால் வாயை இனிப்பாக்க வேண்டும். அவள் வழக்கப்படி லட்டு டப்பாவைத் தேடி ஓடினாள். பாதி வழியில் நின்றாள். திரும்பி வந்து எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு வெள்ளரிக்காய்த் துண்டு கொடுத்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் பச்சைக்கு மேல் போகவே இல்லை. எட்டாம் மாதம் முடிந்தது. குழந்தை உள்ளே உதைத்துக்கொண்டே இருந்தாள். அம்மா சமாதானமாகி, டிசம்பர் கடைசியில் வருவதாக எழுதினாள். அதற்கு முன்பே ஒரு பார்சல் வந்தது. உள்ளே குழந்தைக்குப் பால் புகட்டும் வெள்ளிச் சங்கு. "சேனை நான் வந்துதான் வைக்க வேண்டும்" என்று ஒரு சீட்டு. பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் இனிப்பைத் தொட்டுவைப்பவரின் குணம்தான் அந்தக் குழந்தைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

குழந்தைக்கு அதெல்லாம் தெரியவில்லை. டாக்டரம்மா குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே வலி எடுத்துவிட்டது. அம்மா அப்போது ரயிலில் பாதி வழியில். காலை பதினொரு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது, வீறிட்டுக்கொண்டு. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நான் அழுத அழுகையில் நர்ஸே பயந்துவிட்டாள். என் வீட்டுக்காரர் குழந்தையைப் பார்த்துவிட்டு அம்மாவை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனார். கமலேஷ் மட்டும் என் கட்டிலருகே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பஞ்சாபியில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

திடீரென்று பேச்சு நின்றது. "டீச்சர்ஜி, இவ கை நடுங்குது" என்றாள். நான் அரைமயக்கத்தில், "குளிரா இருக்கும்" என்றேன். "இல்ல. இது படிக்கட்டு நடுக்கம்." அவ்வளவுதான், குழந்தையை அணைத்துக்கொண்டு நர்ஸிடம் ஓடினாள். "சீனி! இவளுக்குச் சீனி கொறஞ்சிருக்கு!" என்ற கத்தல் வார்டு முழுக்கக் கேட்டது. குழந்தையின் குதிகாலில் குத்தி, ஒரு துளி ரத்தத்தை ஒரு காகிதப் பட்டையில் ஒற்றிப் பார்த்தார்கள். உண்மைதான். தாயிடம் சர்க்கரை ஏறி இறங்கினால், பிறந்ததும் பிள்ளைக்கு அது சட்டென்று விழுந்துவிடுமாம். உடனே குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்க வேண்டும். நர்ஸ் கலந்து கொண்டுவந்தாள். எதனால் புகட்டுவது? என் பையில் அம்மா அனுப்பிய சங்கு இருந்தது, வெந்நீரில் கொதிக்கவைத்துச் சுத்தமான துணியில் சுற்றி வைத்திருந்தேன். கமலேஷ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன, படகு மாதிரி? எந்தப் பக்கம் வாய்?"

மூக்குப் பக்கத்தைக் காட்டினேன். அவள் சங்கைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். பச்சைப் பிள்ளையின் வாயில் சொட்டுச் சொட்டாக அந்த இனிப்புத் தண்ணீரை விட்டாள். ஒன்பது மாதம் நான் எதைக் கண்டு நடுங்கினேனோ, அந்தச் சர்க்கரை என் மகளைக் காப்பாற்ற அவள் தொண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. அரை மணியில் நடுக்கம் நின்றது. நான் கமலேஷின் புறங்கையை என் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

மாலையில் அம்மா வந்தாள். முந்தானையில் கற்கண்டு முடிச்சு. குழந்தையை வாங்கி உச்சி முகர்ந்துவிட்டு, முடிச்சை அவிழ்க்கப் போனவள், ஈரமாக இருந்த சங்கைப் பார்த்து நிறுத்தினாள். "சேனை வச்சாச்சா? யாருட்டி வச்சது?" நான் கமலேஷைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். கமலேஷுக்கு, ஏதோ தப்பு செய்துவிட்டோமோ என்று முகம் சுண்டிவிட்டது. அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முடிச்சை அவிழ்த்து, ஒரு கற்கண்டை எடுத்து அவள் வாயில் போட்டாள். "நல்லா இரு தாயி" என்றாள். கமலேஷ் கற்கண்டைக் கடித்துக்கொண்டே சத்தமாக அழுதாள்.

எங்கள் மகளுக்கு இப்போது எட்டு வயது. சேனை பொய்க்கவில்லை. அவள் கூப்பிட்டால் மோதி பாக் முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. தமிழ் பேசுகிறாள், ஆனால் கோபம் ஹிந்தியில்தான் வருகிறது. போன கோடை விடுமுறையில் கோவில்பட்டிக்குப் போயிருந்தோம். வீடு நிறையச் சொந்தம். "யாத்தே, என்ன தொண்டை! இவளுக்கு யார் சேனை வச்சது?" என்று சித்தி கேட்டாள். "கமலேஷ் ஆன்ட்டி" என்று பெருமையோடு சொல்லிவிட்டு, தெர்மாஸிலிருந்த என் குப்பியை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டி, "இது அம்மா ஊசி. ஃப்ரிஜ்ல வைக்கணும்" என்றாள். முன்பு முறம் சாய்த்திருந்த அதே மூலையில் இப்போது தம்பி வாங்கிக் கொடுத்த புது ஃப்ரிஜ் நிற்கிறது. அம்மா அதில் ஒரு தட்டைக் காலிசெய்து கொடுத்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு விழிப்பு வந்தது. இதுதான் நான் பிறந்த வீடு. கேட்டு வாங்க யாரும் இல்லை, நேராகப் போய் எடுத்துக்கொள்ளலாம். ஃப்ரிஜ்ஜின் முன்னால் போய் நின்றேன். என் கை தானாக உயர்ந்து அதன் கதவை இரண்டு முறை தட்டியது. தட்டிவிட்டு, உள்ளேயிருந்து அந்தக் கேள்வி வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.